தாத்தாவின் மூக்கும் ராஜாவின் தாடையும்

பாரிஸில் உள்ள லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நேராக மோனாலிசாவைத் தேடித்தான் ஓடுவார்கள். அதே கட்டடத்தில், எனக்கு அவளைவிடப் பிடித்த ஓவியம் ஒன்று இருக்கிறது. சிவப்பு அங்கி போட்ட நரைத்த தாத்தா ஒருவர் குனிந்து பார்க்கிறார். பொன்னிறச் சுருள்முடிப் பேரன் அவர் மார்பில் கை வைத்தபடி அண்ணாந்து அவரைப் பார்க்கிறான். பின்னால் ஜன்னல் வழியே ஒரு மலையும் வளைந்து போகும் பாதையும் தெரிகின்றன. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் டொமினிகோ கிர்லாண்டாயோ 1490 வாக்கில் தீட்டியது.

படத்தைப் பார்க்கும் எவருடைய கண்ணும் முதலில் தாத்தாவின் மூக்கில்தான் போய் நிற்கும். அது வெறும் பெரிய மூக்கு அல்ல. நுனியிலும் இரு பக்கங்களிலும் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக் கிடக்கிறது. பேரன் மட்டும் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. அவன் பார்ப்பது தாத்தாவின் கண்களை.

இந்தப் படத்தை ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினால் சட்டென்று ஒரு பெயர் சொல்வார்: ரைனோஃபைமா. நம் மூக்கின் தோலுக்கு அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைய உண்டு. மூக்கு எப்போதும் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பது அவற்றால்தான். சிலருக்கு நடுத்தர வயதுக்குப் பிறகு இந்தச் சுரப்பிகள் அளவுக்கு மீறிப் பெருக்கும். சுற்றியுள்ள தோலும் தடிக்கும். ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. தொட்டால் ஒட்டாது. உயிருக்கு ஆபத்து கிடையாது. இப்போதென்றால் கூடுதலாக வளர்ந்த திசுவைக் கத்தியாலோ லேசராலோ செதுக்கி எடுத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட மூக்கைப் பார்த்ததும் “குடிகாரர் போலிருக்கிறது” என்று முணுமுணுப்பது ஐரோப்பாவில் நெடுங்காலப் பழக்கம். அது அநியாயம். ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் இது வரும்.

இங்கே நீங்கள் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த மூக்கு நிஜமாகவே அப்படி இருந்ததா, ஓவியர் சும்மா கற்பனையாகப் போட்டாரா?

நல்லவேளையாக இந்தத் தாத்தாவுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்து அருங்காட்சியகத்தில் கிர்லாண்டாயோ வரைந்த கோட்டோவியம் ஒன்று உள்ளது. அதே தாத்தா, கண்கள் மூடிய நிலையில். அவர் இறந்த பிறகு வரைந்ததாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். அதிலும் அதே மூக்கு, அதே முடிச்சுகள். ஓவியர் ஆளை நேரில் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

புகைப்படம் என்பது 1839-இல்தான் உலகுக்கு அறிமுகமானது. அதற்கு முன் வாழ்ந்த ஒருவர் முகம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் ஓவியமும் சிலையும்தான் கதி. அதனால் சில மருத்துவர்கள் அருங்காட்சியகங்களில் ஒரு வேலை செய்கிறார்கள். ஓவியத்தில் இருப்பவரையே நோயாளியாக எண்ணிப் பார்ப்பது. இது கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றினாலும் ரொம்பவே சிக்கலான வேலை. உயிரோடு வரும் நோயாளியிடம் “எத்தனை நாளாக வலிக்கிறது?” என்று கேட்கலாம், நாடி பார்க்கலாம், ரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். ஓவியத்தில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். நமக்கும் அவருக்கும் நடுவில் இன்னொருவர் வேறு நிற்கிறார்: ஓவியர். அவர் பார்த்ததைத்தான் நாம் பார்க்கிறோம். அவர் மறைத்தது நமக்குத் தெரியாது.

மறைத்ததற்கு உதாரணம் வேண்டுமா? ஃபிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில், அர்பினோ நாட்டுப் பிரபு ஃபெடரிகோ ட மான்டெஃபெல்ட்ரோவின் படம் இருக்கிறது. வரைந்தவர் பியெரோ டெல்லா பிரான்செஸ்கா. பக்கவாட்டு முகம், சிவப்புத் தொப்பி. கன்னத்தில் இருக்கும் மருக்களைக்கூட விடாமல் போட்டிருக்கிறார். நெற்றியும் மூக்கும் சேரும் இடத்தில், யாரோ கடித்து எடுத்தாற்போல் ஒரு பள்ளம். ஆனால் நமக்குத் தெரிவது இடப்பக்கம் மட்டுமே. குதிரைமேல் ஈட்டியோடு மோதும் போட்டி ஒன்றில் ஃபெடரிகோ தன் வலக்கண்ணை இழந்திருந்தார். ஓவியர் பொய்யாக ஒரு கண்ணை வரையவில்லை. முகத்தைத் திருப்பி உட்காரவைத்துவிட்டார். மிச்சமிருந்த கண்ணால் மறுபக்கமும் பார்ப்பதற்காகத்தான் பிரபு தன் மூக்கின் மேல்பகுதியை வெட்டச் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஒரே ஒரு படத்தை நம்பினால் இப்படித் தடுமாற வேண்டியிருக்கும். ஒரே ஆளை வேறு வேறு ஓவியர்கள் வரைந்திருந்தால்? ஒரே குடும்பத்தை 200 ஆண்டுகள் தொடர்ந்து வரைந்திருந்தால்? அப்படி ஒரு குடும்பம் ஐரோப்பாவில் இருந்தது. ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம்.

அவர்களுடைய பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இளைஞராக இருந்தபோது பெர்னார்ட் வான் ஓர்லி வரைந்த படத்தில் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வாயை மூடிக்கொள்ளுங்கள், இந்த ஊர் ஈக்கள் பொல்லாதவை என்று ஸ்பெயின் நாட்டான் ஒருவன் அவரிடமே சொன்னதாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. பின்னாளில் அவர் தாடி வளர்த்துக்கொண்டார். டிஷியன் வரைந்த படங்களில் அந்தத் தாடி தாடையை ஓரளவு மூடிவிடுகிறது. ஆனால் கொள்ளுப்பேரன் நான்காம் பிலிப்பை வெலாஸ்கெஸ் திரும்பத் திரும்ப வரைந்தார். அங்கே தாடை ஒளியவே இல்லை. பிலிப்பின் மகன் இரண்டாம் சார்லஸை கரேன்யோ வரைந்தார். வெளிறிய நீண்ட முகம், தடித்த கீழுதடு, இன்னும் நீண்ட தாடை. அரசரின் சம்பளம் வாங்கும் ஓவியர் அரசரை அசிங்கமாக வரைய ஆசைப்பட மாட்டார், இல்லையா? முடிந்தவரை அழகாக்கிய பிறகும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றால் உண்மை முகம் எப்படி இருந்திருக்கும்!

இந்தச் சார்லஸ் 1661-இல் பிறந்தவர். நான்கு வயது வரை பேச்சு வரவில்லை. எட்டு வயது வரை நடக்கவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராததால் மென்று தின்பதே பெரும்பாடு. இரண்டு முறை மணம் செய்தும் குழந்தை இல்லை. 39 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது, 1700 நவம்பர் 1 அன்று இறந்தார். நாற்காலி காலியானதும் அதற்காக ஐரோப்பா முழுவதும் பத்து ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டது.

2019-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 15 பேரின் 66 உருவப்படங்களைச் சேர்த்தார்கள். முகம், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் 10 பேரை அழைத்து, “ஓவியத்தின் அழகைப் பார்க்க வேண்டாம், எலும்பைப் பாருங்கள்” என்றார்கள். கீழ்த்தாடை நீண்டதற்கு 11 அடையாளங்கள், மேல்தாடை போதிய அளவு வளராததற்கு 7 அடையாளங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் மதிப்பெண். கீழ்த்தாடைப் பாடத்தில் முதல் மதிப்பெண் நான்காம் பிலிப்புக்கு! ராஜாக்களின் குடும்ப மரம் முழுவதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. யார் யாரை மணந்தார்கள் என்று தெரியும். அதையும் இந்த மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெற்றோர் எவ்வளவு நெருங்கிய சொந்தமோ அவ்வளவு நீளமாகியிருந்தது தாடை.

ஏன்? நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. உங்களிடம் ஒரே பாடப்புத்தகம் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 40-ஆம் பக்கம் கிழிந்திருந்தால் மற்றொன்றில் படித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே அச்சகத்தில் ஒரே கோளாறோடு அடித்தவை என்றால் இரண்டிலும் அதே பக்கம்தான் இருக்காது. அப்பாவும் அம்மாவும் நெருங்கிய உறவாக இருந்தால், ஒரே மூதாதையரிடமிருந்து வந்த அதே பழுது இரண்டு வழியாகவும் குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஹாப்ஸ்பர்க் தாடையும் இப்படி வந்திருக்கலாம் என்பதே அந்த ஆய்வாளர்களின் கருத்து.

ஸ்பெயினை ஆண்ட இந்தக் கிளையில் நடந்த 11 திருமணங்களில் 9 சொந்தத்துக்குள் நடந்தவை. வெளியே பெண் கொடுத்தால் நாடும் கூடவே போய்விடுமே என்ற பயம். நான்காம் பிலிப் மணந்த மரியானா யார் தெரியுமா? அவருடைய சொந்தத் தங்கையின் மகள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிலிப் அவளுக்குத் தாய்மாமன். முதலில் தன் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண் அவள். மகன் இறந்துவிட, மாமனே மாப்பிள்ளை ஆனார். அவருக்கு வயது 44, அவளுக்கு 14. இந்தத் தம்பதியின் பிள்ளைதான் இரண்டாம் சார்லஸ்.

தாய்மாமனை மணந்தவளுக்குப் பிறக்கும் குழந்தையிடம், சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையர் சரக்காக இருக்கும். கணக்கில் 0.125. இரண்டாம் சார்லஸுக்கு ஆய்வாளர்கள் கணக்கிட்டது 0.254. இரண்டு மடங்கு! ஒரு தலைமுறையோடு நிற்காமல், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி என்று மேலே மேலே அதே கதை நடந்ததால் வந்த கணக்கு அது. நம் ஊரில் அக்கா மகளையோ மாமா மகளையோ கட்டியவர்கள் எத்தனையோ பேர் ஆரோக்கியமான பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஆனாலும் சொந்தத்தில் மணந்தவர்கள் மருத்துவரிடம் போனால் அவர் முதலில் “ரத்த உறவா?” என்று கேட்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஐந்தாம் சார்லஸ் பற்றி இன்னொன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவருக்குக் கவுட் என்ற மூட்டு நோய் இருந்ததாக அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகமாகி, ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படியும் நோய் அது. அந்த வலியில் பேரரசராவது, சாமானியராவது! மனுஷனுக்கு இறைச்சியும் பீரும் உயிர். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கடைசியில் பட்டத்தைத் துறந்து ஒரு மடத்தில் போய்த் தங்கி 1558-இல் இறந்தார். டிஷியன் வரைந்த படங்களில் அவர் கவச உடையோடு குதிரைமேல் இருக்கிறார், அல்லது கம்பீரமாக நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வலியை எந்தத் தூரிகையும் காட்டவில்லை. ஆனால் அவருடைய உடல் கெடாமல் காய்ந்து போயிருந்தது. அதிலிருந்து பிரிந்த ஒரு விரல் நுனியைத் தனியாக ஒரு சிறு பெட்டியில் வைத்திருந்தார்கள். 2006-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் அதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். யூரிக் அமிலப் படிகங்கள் எலும்பையே அரித்திருந்தன. நானூற்று நாற்பத்து எட்டு ஆண்டு கழித்து வந்த பரிசோதனை முடிவு.

மீண்டும் லூவ்ருக்கு வருவோம். 1642-இல் ஹுசெபே டி ரிபேரா தீட்டிய சிறுவன் ஒருவன் அங்கே இருக்கிறான். ரிபேரா ஸ்பெயினில் பிறந்து இத்தாலியின் நேப்பிள்ஸில் வாழ்ந்தவர். ராஜாக்களை வரையும் பெரிய துணியில் ஓர் ஏழைப் பிச்சைக்காரப் பையனை நிறுத்தி வரைந்தார். நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கிறது படம். ஊன்றுகோலைப் போர்வீரன் துப்பாக்கியைச் சாய்ப்பதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். கையில் ஒரு காகிதம். கடவுள்மீதுள்ள அன்புக்காகப் பிச்சை போடுங்கள் என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. அவனுடைய ஒரு பாதம் உள்நோக்கி வளைந்து, குதிகால் தரையில் படாமல் நிற்கிறது.

பிறக்கும்போதே பாதம் இப்படி வளைந்திருப்பது ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு நேர்கிறது. இந்தப் பையனுக்கும் அதுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பிறகு வேறு சிலர் அவன் கையைக் கவனித்தார்கள். அதுவும் இயல்பாக இல்லை. பாதமும் கையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால், மூளையில் சிறு வயதிலேயே ஏற்பட்ட பாதிப்பாக இருக்கலாமே என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பிறவியிலேயே வளைந்த பாதத்துக்கு இப்போது நல்ல வைத்தியம் இருக்கிறது. குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே பாதத்தை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டுவார்கள். தேவைப்பட்டால் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு, பிறகு சில ஆண்டுகள் தூங்கும்போது தனிக் காலணி. இந்த முறையைக் கொண்டுவந்த இக்னாசியோ பொன்செட்டியும் ரிபேராவைப்போல் ஸ்பெயினில் பிறந்து வெளிநாட்டுக்குப் போனவர். தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் இப்போது இதைச் செய்கிறார்கள்.

இன்னொரு குழந்தையும் கையில் காகிதத்தோடு நிற்கிறாள். பெயர் அன்டோனியெட்டா. 1595 வாக்கில் லவீனியா ஃபோன்டானா என்ற பெண் ஓவியர் வரைந்தார். பூவேலைப்பாடு செய்த உடை, தலையில் பூக்கள். நெற்றி, கன்னம், மூக்கு எல்லா இடத்திலும் மென்மையான முடி. அவளுடைய அப்பா பெட்ருஸ் கொன்சால்வுஸ், கேனரி தீவுகளில் ஒன்றான டெனரிஃபில் பிறந்தவர். அவருக்கும் அப்படியே இருந்தது. பத்து வயதில் அவரை ஏதோ வினோத விலங்குபோல் பிரான்ஸ் அரசனிடம் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடுமைதான். ஆனால் அரசன் அவரைப் படிக்க வைத்தான். லத்தீன் கற்றுக்கொண்டார், திருமணம் செய்தார். பிள்ளைகளில் சிலருக்கு அப்பாவைப்போல் முகமெல்லாம் முடி, சிலருக்கு இல்லை. அன்டோனியெட்டாவின் கையிலுள்ள காகிதத்தில் இந்தக் குடும்பக் கதைதான் எழுதியிருக்கிறது.

சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்பதே ஒரு தடயம். ஹாப்ஸ்பர்க் கதையில் இரண்டு பிரதியும் பழுதானால்தான் சிக்கல் என்று பார்த்தோம். இங்கே அப்பாவிடமிருந்து மாறிய பிரதி ஒன்று வந்தாலே போதும், முடி வளர்ந்துவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு சரிபாதி. அக்காலத்து அறிஞர் ஊலிஸே அல்ட்ரோவாண்டி இந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். ஆஸ்திரியாவின் அம்ப்ராஸ் கோட்டையில் குடும்பத்தாரின் வேறு படங்களும் இருக்கின்றன. ஆக, இத்தனை சாட்சிகள் இருப்பதால் இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. லவீனியா மற்றவர்களைப்போல் அவளைக் காட்சிப்பொருளாக வரையவில்லை என்பது என் எண்ணம். அந்தக் கண்களில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இனி மோனாலிசா. அவளை விட்டால் நீங்கள் விட மாட்டீர்கள்.

படத்தில் இருப்பவர் ஃபிளாரன்ஸ் பட்டு வணிகர் ஒருவரின் மனைவி லிசா. லியொனார்டோ டா வின்சி 1503 வாக்கில் வரையத் தொடங்கினார். மருத்துவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் நோய்களுக்குப் பஞ்சமே இல்லை. 2004-இல் சிலர், இடக்கண்ணின் உள்மூலையில் மஞ்சளாகச் சிறு புடைப்பு இருக்கிறது, கொழுப்புப் படிந்திருக்கலாம் என்றார்கள். 2018-இல் வேறு இருவர், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு மந்தமானால் முடி உதிரும், தோல் மஞ்சளடிக்கும், கை வீங்கும். மோனாலிசாவுக்குப் புருவமே இல்லை, முகம் மஞ்சள், கை கொஞ்சம் பருமன். சரியாகப் பொருந்துகிறதே?

பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிட முடியுமா? ஓவியத்துக்கு மேல் பாதுகாப்புக்காக வார்னிஷ் பூசுவார்கள். அது ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறி மஞ்சளாகும். மோனாலிசாவின் வானமும்தான் மஞ்சளாக இருக்கிறது. வானத்துக்கும் தைராய்டா?

வார்னிஷைத் துடைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். அவ்வளவு விலைமதிப்பில்லாத படத்தின்மேல் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. அதிர்ஷ்டவசமாக மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இன்னொரு மோனாலிசா இருந்தாள். லியொனார்டோவின் பட்டறையில், அவர் வரைந்துகொண்டிருந்தபோதே அவருடைய சீடர் ஒருவர் பக்கத்திலிருந்து வரைந்த நகல். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது, குரு அடித்துத் திருத்திய இடங்களிலெல்லாம் சீடரும் திருத்தியிருந்தது தெரிந்தது. 2012-இல் அந்தப் படத்தைச் சுத்தம் செய்து காட்சிக்கு வைத்தார்கள். பின்னணியில் யாரோ பிற்காலத்தில் பூசிய கறுப்பு போய் மலைகள் வெளியே வந்தன. முகத்தில் மஞ்சள் இல்லை, நல்ல ரோஜாநிறம். இரண்டு அழகான புருவங்கள் வேறு!

லிசா 63 வயது வரை வாழ்ந்தார். அந்தக் காலத்துக்கு அது நல்ல ஆயுள். தைராய்டு வழக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணோரப் புடைப்பைப் பற்றி வேண்டுமானால் இன்னும் பேசலாம்.

நிறம் ஏமாற்றுவதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தை 1575 வாக்கில் வரைந்த படம் ஒன்று லண்டனில் உள்ளது. முகம் வெள்ளைவெளேரென்று, ரத்தமே இல்லாததுபோல். ராணிக்கு 1562-இல் பெரியம்மை வந்து பிழைத்தது உண்மை. முகத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசியதாகவும் சொல்வார்கள். ஆனால் படத்தைச் சோதித்தபோது தெரிந்தது: கன்னத்துக்குப் பூசியிருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. ரத்தசோகை வந்தது ராணிக்கு அல்ல, சாயத்துக்கு.

சில படங்களில் நோயே இல்லாமலும் போகலாம். குவென்டின் மாட்சிஸ் 1513 வாக்கில் ஒரு கிழவியை வரைந்தார். நீண்ட மேலுதடு, அகன்ற நெற்றி, குரங்குச் சாயல், தலையில் கொம்பு வைத்த தொப்பி. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையில் வரும் பிரபுப் பெண்ணின் சித்திரம் இவளைப் பார்த்துத்தான் வரையப்பட்டது என்று நம்புகிறார்கள். எலும்புகள் தாறுமாறாகத் தடித்து வளரும் பேஜட் நோய் என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். ஓவிய அறிஞர்களோ, இது நிஜ ஆளே இல்லை, வயதான காலத்தில் இளமை வேஷம் போடுபவர்களைக் கிண்டல் செய்யும் படம் என்கிறார்கள். லியொனார்டோ பக்கத்திலிருந்து வந்த கோட்டோவியம் ஒன்றிலும் இதே முகம் இருக்கிறது. கேலிச்சித்திரத்துக்கு மருந்துச் சீட்டு எழுதி என்ன செய்வது?

கடைசியாக ஒரு புதிர். எல் கிரேகோ என்ற ஓவியர் ஸ்பெயினின் டொலேடோ நகரில் வாழ்ந்து 1614-இல் இறந்தவர். அவர் வரைந்த புனிதர்கள் எல்லோரும் இழுத்து நீட்டியதுபோல் நெடுநெடுவென்று இருப்பார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கண் மருத்துவர் சொன்னார்: நோய் படத்தில் இருப்பவர்களுக்கு இல்லை, ஓவியரின் கண்ணில்தான். கண்ணின் முன்பக்க வளைவு ஒழுங்காக இல்லாததால் அவருக்கு எல்லாமே நீளமாகத் தெரிந்திருக்கிறது, தெரிந்தபடி வரைந்துவிட்டார். பலரும் தலையாட்டினார்கள். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது? படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எல் கிரேகோவின் கண்ணுக்கு ஆள் நீளமாகத் தெரிந்தால், அவர் முன்னால் இருக்கும் துணியும், அதில் அவர் வரையும் உருவமும்கூட நீளமாகத்தானே தெரியும்? அவர் நீளமாக வரைந்தால், அவருக்கே அது எதிரில் இருக்கும் ஆளைவிட இன்னும் நீளமாகத் தெரியுமே! எதிரில் இருப்பவரையும் படத்தையும் ஒப்பிட்டு வரைந்தால் கோளாறு கோளாறோடு கழிந்துபோகும். ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்தே பார்த்தார். எல்லாவற்றையும் அகலமாக்கிக் காட்டும் கருவியை ஒருவரின் கண்ணுக்குமுன் மாட்டினார். எதிரில் ஒரு சதுரத்தை வைத்து “பார்த்து வரை” என்றால் சரியான சதுரம் வந்தது. “நினைவிலிருந்து வரை” என்றால் முதலில் ஒடுங்கி உயர்ந்த செவ்வகம் வந்தது. கருவியை இரண்டு நாள் மாட்டியே இருந்தபோது அதுவும் சரியாகிவிட்டது, மூளை பழகிக்கொண்டது.

இந்தச் சோதனைகூடத் தேவையில்லை என்பேன். டொலேடோவில் சான்டோ டோமே என்ற தேவாலயத்தில், ஒரு பிரபுவின் அடக்கத்தை எல் கிரேகோ பெரிய துணியில் தீட்டியிருக்கிறார். மேல்பாதியில் சொர்க்கம், அங்கே இருப்பவர்கள் வழக்கம்போல் நெடுநெடு. கீழ்ப்பாதியில் சவ அடக்கத்துக்கு வந்த டொலேடோ பெரிய மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, கூர்தாடி. அத்தனை பேரும் சரியான அளவில் இருக்கிறார்கள்.